சஷ்டி வாரத்தில் எடுத்த படம்

தீபாவளி முடிந்த மறுநாளே எங்கள் ஊரில் சத்தம் அடங்கிவிடும். பண்டிகைக்கு அனுப்ப வேண்டிய பனியன் சரக்கெல்லாம் ரயில் ஏறிப் போயிருக்கும். கூடவே ஐப்பசி மழையும் பிடித்துக்கொள்ளும். மழை பெய்தால் சலவைப் பட்டறையில் துணி காயாது. துணி காயாவிட்டால் கம்பெனியில் வெட்ட ஒன்றும் இருக்காது. வெட்டாவிட்டால் தைக்க முடியாது. என் வயதுள்ள திருப்பூர்க்காரர்களுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரத்தில் அவரவர் வீட்டு ஆண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது அவர்களுக்கே நினைவிருக்கும். சிலர் சீட்டாடினார்கள், சிலர் ஓடு மாற்றினார்கள், சிலர் சும்மா படுத்துக் கிடந்தார்கள். நான் எழுதுவது அவர்கள் பிள்ளைகளுக்கும் என் பிள்ளைகளுக்கும்.

எங்கள் வீட்டில் சித்தப்பா கேமராவை எடுத்தார்.

சித்தப்பா என்பது அப்பாவின் தம்பி. அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டும் வேலை. நாள் முழுக்கப் பெரிய கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து அவருடைய கட்டைவிரலில் கருப்பாகக் காய்த்திருக்கும். அந்தக் கையால் எதையாவது செய்துகொண்டே இருப்பார். தகரத்தில் விளக்கு செய்வார், பழைய குடைக் கம்பியில் எலிப்பொறி செய்வார். இழுத்து மூடிய ஒரு ஸ்டுடியோவிலிருந்து அவருக்கு ஒரு கேமரா கிடைத்திருந்தது. கருப்பாக, சோற்று டப்பா போல ஒரு பெட்டி. முன்னால் ஒரு சின்னக் கண்ணாடி, பக்கத்தில் தட்டினால் படம் பிடிக்கும் ஒரு நெம்பு. ஒரு சுருள் பிலிம் போட்டால் எட்டுப் படம் வரும். அத்தைக்கு அது பிடிக்காது. பெண் பார்க்கச் சொன்னால் இவன் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அத்தை அப்பாவுக்கு அக்கா. மாமா தவறிய பிறகு எங்களோடே இருந்தார்.

அப்பா சலவைப் பட்டறையில் மேஸ்திரி. பின்னல் மிஷினிலிருந்து வரும் பனியன் துணி வெள்ளையாக இருக்காது, லேசான மஞ்சளாக இருக்கும். அதைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊற வைத்து, மிதித்து, அலசி, நீலம் போட்டு வெளுக்க வேண்டும். தண்ணீரில் காரம் எவ்வளவு இருக்கிறது என்று அப்பா இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தே சொல்லிவிடுவார். மற்ற பட்டறைக்காரர்கள் கெடுத்த துணியைக்கூட அவரிடம் கொண்டுவருவார்கள். மஞ்சள் எங்கே இருந்தாலும் அவர் கண் அங்கே போகும். சாப்பிட உட்கார்ந்தால் என் சட்டைக் காலரைப் பார்ப்பார்.

அம்மாவுக்கு அந்த வருஷம் ஆடியிலிருந்து இருமல். புரட்டாசியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, சானடோரியத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், படுக்கை காலியானதும் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை அம்மா வீட்டின் பின்பக்கம் ஓடு இறக்கிய சாய்ப்பில் தனியாகப் படுத்துக்கொண்டாள். தனித் தட்டு, தனி டம்ளர். வாயை எப்போதும் முந்தானையால் மூடியிருப்பாள். என் தங்கைக்கு அப்போது ஒன்றரை வயது. நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பாப்பாவை அம்மா தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாப்பா சாய்ப்பைப் பார்த்துக் கையை நீட்டி அழும்போது அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். அதைப் பார்க்க முடியாமல் அத்தை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார்.

நாங்கள் முருகனைக் கும்பிடுகிற நெசவுக் குடும்பம். தீபாவளிக்கு அடுத்து வரும் சஷ்டி ஆறு நாளும் அம்மா விரதம் இருப்பாள். அந்த வருஷம் டாக்டர் கூடாது என்றதால் அம்மாவுக்குப் பதிலாக அத்தை இருந்தார். பசி வந்தால் அத்தைக்குக் கோபமும் வரும். ஆறு நாளும் நாங்கள் ஒதுங்கியே நடந்தோம்.

முதல் நாள் சித்தப்பா ஒரு வேலை ஆரம்பித்தார். அந்தப் பெட்டிக் கேமராவில் பக்கத்தில் இருப்பதை எடுத்தால் மங்கலாக விழும். பத்தடி தள்ளி நின்றால்தான் தெளியும். பத்தடிக்கு அப்பால் மனுஷன் முகம் துவரம்பருப்பு அளவுதான் வரும். எங்கள் பள்ளி வாத்தியாரின் உடைந்த வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒன்றைச் சித்தப்பா கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு வில்லையைக் கழற்றினார். நூல் சுற்றி வரும் அட்டைக் கூம்பைத் தெரியுமல்லவா, அதை வில்லையின் அளவுக்குக் குறுக்கே நறுக்கி, வளையமாக்கி, வில்லையை அதில் பொருத்திக் கேமராவின் முன்னால் மாட்டினார். நாலு கூம்பு வீணாயிற்று. ஐந்தாவது கச்சிதமாக உட்கார்ந்தது.

பிலிம் போடும் முன் கேமராவின் முதுகைத் திறந்து, பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் தடவிய தாளை ஒட்டினார். தலையில் போர்வையைப் போட்டுக்கொண்டு என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டார். தேங்காய் எண்ணெய் வாசமும் அவருடைய பீடி வாசமும் இன்னும் எனக்குத் தெரிகிறது. தாளில் முருங்கை இலை ஒன்று தலைகீழாக, அதன் நுனியில் ஒரு மழைத் துளி மேலே ஏறுவது போலத் தொங்கியது. எவ்வளவு தூரத்தில் தெளிவாகத் தெரிகிறதோ அந்த அளவுக்குப் பனியன் நூல் ஒன்றை வெட்டிக் கேமராவில் கட்டிவிட்டார். நூலின் நுனி எதைத் தொடுகிறதோ அது தெளிவாக விழும். இரண்டரை அடியும் கொஞ்சமும் இருக்கும்.

பிறகு பிலிம் போட்டார். மழை விட்ட நேரமெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு சுற்றினார். அந்த முருங்கைத் துளியை எடுத்தார். வளையத்தைக் கழற்றிவிட்டு, துணி இல்லாத காயப்போடும் மைதானத்தை எடுத்தார், வெறும் கயிறும் கம்பமும்தான். ஆற்றில் புதுத் தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு போவதை எடுத்தார். அத்தை போட்ட ஆறுகோணக் கோலத்தை, ஈசல் உதிர்த்த இறகுகளை, என் தலையில் கூம்பைக் கவிழ்த்து என்னை. அப்பாவின் வெடித்த கையை எடுக்கப் போனபோது, இதையெல்லாமா படம் பிடிப்பாங்க என்று அப்பா கையை இழுத்துக்கொண்டார். ஆனால் நெம்பைத் தட்டியாகிவிட்டது. அத்துடன் ஏழு.

நாலாம் நாள் தபால்காரர் கடிதம் கொண்டுவந்தார். வருகிற திங்கட்கிழமை படுக்கை இருக்கிறது, வந்து சேரவும் என்று இருந்தது. பிள்ளைகளை அங்கே உள்ளே விடமாட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேலாகலாம் என்று அப்பா சொன்னார். சாயந்தரம் சித்தப்பா முற்றத்தில் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா சாய்ப்பிலிருந்து கூப்பிட்டாள்.

"தம்பி, அந்தப் பொட்டீல இன்னும் படம் இருக்குதுங்களா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க அண்ணி."

"அப்ப அத எனக்குக் குடுங்க. பாப்பாவுக்கு இப்பத்தான் ஒண்ணரை வயசு. நான் வாரதுக்குள்ள எம் மூஞ்சி அவளுக்கு மறந்தே போயிரும். நீங்க எடுத்துக் குடுத்தீங்கன்னா தினமும் ஒருக்கா காட்டிக்கிட்டே இருக்கலாம்."

சித்தப்பா துடைப்பதை நிறுத்தினார். ஏழு படத்தை ஈசலுக்கும் நுரைக்கும் செலவழித்துவிட்டோமே என்று அவருக்கு முகமே சுருங்கிவிட்டது. மறுநாள் மழையில் ஊர் முழுக்கப் போய் அந்த அளவு பிலிம் தேடினார். இருந்த இரண்டு ஸ்டுடியோவிலும் இல்லை. ஸ்டுடியோவுக்கே போய் எடுத்துக்கொள்ளலாமே என்று அப்பா சொன்னதற்கு, அங்கே போய் நான் இருமினால் நாலு பேர் எழுந்து போவார்கள், எனக்கு வேண்டாம் என்றாள் அம்மா.

எடுக்க வெயில் வேண்டும். ஐந்தாம் நாள் வெயிலே வரவில்லை. ஆறாம் நாள் சூரசம்காரம். அன்று பத்து மணிக்கு மேல் மேகம் விலகிக் கொஞ்ச நேரம் வெயில் அடித்தது. சித்தப்பா முற்றத்தில் அம்மா உட்கார முக்காலியைப் போட்டு, எதிரே நூல் பெட்டிகளை அடுக்கி அவற்றின்மேல் கேமராவை வைத்தார். நல்ல நாளில் எடுக்கிறோம், கூறைப் பட்டைக் கட்டிக்கொள் என்று அத்தை எடுத்துக் கொடுத்தார். அம்மா வாங்கவில்லை.

"இந்தச் சேலையத்தானுங்க பாப்பாவுக்குத் தெரியும். பட்டுல என்னப் பாத்தா அவளுக்கு ஆருன்னு தெரியாது."

பழைய பச்சைச் சேலையோடு வந்து உட்கார்ந்தாள். வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். அம்மாவின் வாயை நான் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. சித்தப்பா நூலை இழுத்து அவள் மூக்கு நுனியில் தொட்டார். அது கூசியதோ என்னவோ, அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும் என்று அடக்கிக்கொண்டாள்.

"மூச்சப் புடிச்சுக்கங்க அண்ணி. மூணு எண்ணறதுக்குள்ள முடிஞ்சிரும்."

நெம்பு தட்டும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அம்மா முக்காலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினாள். அத்தை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார்.

மறுநாள் காலையில் சித்தப்பா விறகு அறையைச் சாத்திக்கொண்டு பிலிமைக் கழுவினார். கதவு இடுக்கு, ஓட்டு இடுக்கு எல்லாவற்றிலும் பனியன் வேஸ்ட்டை அடைத்தோம். பகலிலேயே உள்ளே கும்மிருட்டு. சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றிய விளக்கு மட்டும். நான் ஒன்று இரண்டு எண்ண வேண்டும், அவர் தட்டை ஆட்டுவார். மத்தியானம் பிலிம் காய்ந்த பிறகு அதைத் தாள்மேல் வைத்து வெளிச்சம் காட்டி, தாளை மருந்தில் போட்டார். ஒன்றும் இல்லாத வெள்ளைத் தாளில் முதலில் முடி வந்தது. அப்புறம் மூக்குத்தி, அப்புறம் கண். ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக அம்மாவின் முகம் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து நின்றது.

படம் நிலைக்க இன்னொரு மருந்தில் ஊற வேண்டும். அந்த மருந்து கொஞ்சம்தான் இருந்தது, பிலிமை ஊற வைத்ததும் அதில்தான். இன்னும் ஊறோணும், தண்ணியிலயும் ரொம்ப நேரம் கிடக்கோணும் என்று சித்தப்பா தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆனால் விடிந்தால் திங்கட்கிழமை. அண்ணி பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று அவசரமாக எடுத்துக் காய வைத்துவிட்டார்.

அம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். பரவாயில்லையே, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று யாரையோ சொல்வது போலச் சொன்னாள். அத்தை அதைப் பாப்பாவிடம் காட்டினார். பாப்பா தாளை உள்ளங்கையால் தட்டி, "ம்மா" என்றாள். அம்மா அதைச் சாய்ப்பு வாசலில் நின்று பார்த்தாள். காலையில் முதல் பஸ்ஸுக்கு அப்பாவும் அம்மாவும் கிளம்பிப் போனார்கள்.

அதன் பிறகு தினமும் காலையில் பாப்பாவுக்கு முகம் கழுவிவிட்டதும் அத்தை படத்தைக் காட்டுவார். சாமி படத்துக்குக் கீழே ஓர் ஆணியில் அது ஒரு சின்ன அட்டையில் தொங்கியது. அம்மாவின் பிலிம் துண்டு மட்டும் அதன் பின்னால் ஓர் உறையில் இருந்தது, மற்ற ஏழும் சித்தப்பாவின் பிஸ்கட் டின்னில்.

மார்கழி பிறக்கும்போது படத்தின் ஓரத்தில் மஞ்சள் ஏறியிருந்தது. பத்து நாளில் அது அம்மாவின் காதுவரை வந்துவிட்டது. சித்தப்பாவுக்கு அப்போது கம்பெனியில் தலைக்கு மேல் வேலை. மருந்து போதவில்லை, அதனால்தான் இப்படி, கோயமுத்தூரில் தாளும் மருந்தும் சொல்லியிருக்கிறேன், வந்ததும் பிலிமிலிருந்து புதிதாக ஒன்று போட்டுவிடலாம், அதுவரை யாரும் தொடாதீர்கள் என்றார். அப்பா கேட்டுக்கொண்டார். ஆனால் தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் அந்தப் படத்தின் முன்னால் நிற்பார். மஞ்சள் கன்னத்துக்கு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சித்தப்பா வெளியே போயிருந்தார். அத்தையும் பாப்பாவும் தூங்கினார்கள். அப்பா ஒரு பீங்கான் கிண்ணத்தில் பட்டறையின் பிளீச்சிங் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். முற்றத்தில் உட்கார்ந்து இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். இன்னும் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றினார். மறுபடியும் தேய்த்துப் பார்த்தார். குழந்தைக்குக் குளிக்க வெந்நீர் பதம் பார்ப்பது போல அவ்வளவு கவனம். உறையிலிருந்து பிலிமையும் எடுத்தார். பிலிமில் கருப்பும் வெள்ளையும் மாறித் தெரியுமல்லவா, அம்மாவின் முகம் கரியாக இருந்தது. அதைப் பார்த்து அப்பா, எவ்வளவு அழுக்குப் பார் என்றார். இரண்டையும் சேர்த்துக் கிண்ணத்தில் விட்டார்.

முதலில் மஞ்சள் போயிற்று. உண்மையாகவே போயிற்று. தாள் பளிச்சென்று வெளுத்து, அம்மா முதல் நாள் இருந்ததைவிடத் தெளிவாகத் தெரிந்தாள். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. நான் திரும்பிக் கிண்ணத்தைப் பார்த்தபோது மூக்குத்தி இல்லை. கண் மங்கியது. அப்பா கையை விட்டு அள்ளினார். தாளின்மேல் இருந்த வழவழப்பு விரலோடு வந்தது. குடத்துத் தண்ணீருக்கு ஓடினார். பிலிம் வெறும் கண்ணாடி போல ஆகியிருந்தது.

அப்பா வெறும் தாளைத் துடைத்து, பழையபடி அட்டையில் ஒட்டி ஆணியில் மாட்டினார். யாரிடமும் சொல்லாதே என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. அவர் சொல்லாமலே நானும் யாரிடமும் சொல்லவில்லை.

சாயந்தரம் சித்தப்பா வந்தார். வெறும் தாள் அட்டையில் ஒட்டியிருந்தது. அதைக் கழற்றி மூக்கின் பக்கத்தில் கொண்டுபோனார். பட்டறை வாசம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாதது அல்ல. அப்பாவின் பக்கம் பார்த்தார். அப்பா குனிந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் அத்தை சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். பொம்பளை ஒருத்தி போகும்போது கேட்டது அது ஒன்றுதான், அதையும் ஒழுங்காகச் செய்யத் துப்பில்லை, மருந்தாம் மருந்து என்றார். சித்தப்பா சொன்னது இவ்வளவுதான்:

"ஆமாங்கக்கா. எம் மருந்துதான் சரியில்ல."

அப்பா தலையைத் தூக்கவில்லை.

அதிலிருந்து அத்தை இதைச் சொல்லிக் காட்டாத நாள் குறைவு. தை மாதத்தில் ஒரு நாள் பார்த்தால் கேமராவைக் காணோம். முருங்கைத் துளி, நுரை, என் கூம்புத் தொப்பி எல்லாம் வைத்திருந்த பிஸ்கட் டின்னும் இல்லை. யாரிடம் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. சித்தப்பா எலிப்பொறி செய்வதையும் விட்டுவிட்டார். படம் இல்லாமலே அத்தை பாப்பாவிடம் கொஞ்ச நாள் அம்மா அம்மா என்று சொல்லிப் பார்த்தார். பாப்பா அத்தையைத்தான் காட்டினாள். அப்புறம் அத்தையும் விட்டுவிட்டார்.

பதினாலு மாதம் கழித்து அம்மா வந்தாள். உடம்பு தேறியிருந்தது. வாயில் துணி இல்லை. வாசலில் நின்று "பாப்பா" என்று கையை நீட்டினாள். பாப்பா அத்தையின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அம்மா நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"போட்டோவக் காட்டலீங்களா?"

அத்தைதான் ஆரம்பித்தார், இவன் எடுத்த படம் ரெண்டு மாசம்கூட நிக்கல என்று. சித்தப்பா எழுந்தார்.

"தப்பு எம்மேலதானுங்க அண்ணி."

"அவன் மேல ஒண்ணுமில்ல," என்றார் அப்பா. அம்மாவின் டிரங்குப் பெட்டி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. "மஞ்சளாகுதுன்னு நாந்தான் பிளீச்சிங்ல போட்டேன். வெள்ளையா வரும்னு நெனச்சேன்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அந்தப் பெட்டியைக் கீழே வையுங்கள், கனமாக இருக்கும் என்றாள். சித்தப்பா வெளியே போய்விட்டார். எனக்கும் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை.

பெரியவனான பிறகு ஒரு தடவை சித்தப்பாவிடம் கேட்டேன், தெரிந்தே ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று. உங்கப்பனுக்குத் தெரிஞ்ச வைத்தியம் அது ஒண்ணுதான், அதைச் செஞ்சாரு, நான் அவசரப்பட்டு ஊற வெக்காம எடுத்தது நெசந்தானே என்றார். நீயும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தே என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவரிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் விருந்தாளியை ஒறம்பரை என்போம். பாப்பா அம்மாவை அப்படித்தான் சொன்னாள். ஒறம்பரைக்குத் தண்ணி வேணுமாம், ஒறம்பரை தூங்கறாங்க என்று அத்தையிடம் வந்து சொல்வாள். அம்மா யாரையும் திருத்த விடவில்லை. தானாகக் கிட்டே போகவும் இல்லை. பாப்பா கண்ணில் படும் இடத்தில் இருந்துகொண்டு வேலை செய்தாள், அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, அம்மா முற்றத்தில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பாப்பா வந்து எதிரே குந்தினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு கல்லை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள்.

"நீங்க எப்ப உங்க ஊட்டுக்குப் போவீங்க?"

அம்மா அந்தக் கல்லைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"போவல சாமி. இங்கயே இருந்துக்கட்டுமா?"

பாப்பா அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் நின்ற அப்பாவையும் பார்த்தாள். பாப்பா இன்னொரு கல்லைத் தேடி எடுத்தாள். அதற்கப்புறம்தான் சொன்னாள்.

"செரி. இருந்துக்கங்க."